ஊர்ப் பொதுமக்களுக்கு இலவசக் கண் முகாம்

கோவில்பட்டியில் எனக்குத் தார்ப்பாய்க் கடை. தார்ப்பாய், கயிறு, சாக்கு என்று விவசாயத்துக்கு வேண்டிய சாமான்கள் விற்கிறேன். அத்தா காலத்தில் தொடங்கிய கடை. மிளகாய் காயப்போடுகிற காலம் வந்தால் தார்ப்பாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு சுற்றுவட்டாரத்துக் கரிசல் ஊர்களுக்கெல்லாம் போவேன். போகிற இடத்தில் "பாய் வந்திருக்காவ, நாற்காலிய எடுத்துப் போடு" என்பார்கள். கேட்காமலே மோர் வரும். என்னை யாரும் வாசலில் நிறுத்திப் பேசியது கிடையாது. அதனால் இந்தப் பக்கத்து மனிதர்களை எனக்கு நன்றாகத் தெரியும் என்று ஐம்பது வயது தாண்டும்வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

சில வருஷங்களுக்கு முன் டவுனில் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரு சேவைக் குழு ஆரம்பித்தோம். மருந்துக்கடைக்காரர், வாத்தியார்கள், அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். ஓய்வு பெற்றவர்களில் ஒருவர் செயலாளர். நேரம் தவறாத மனிதர், வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டு அழுக்குப் பார்க்க முடியாது. ரத்ததானம், மரம் நடுதல் என்று செய்துகொண்டிருந்தோம். பிறகு திருநெல்வேலியிலுள்ள ஒரு கண் ஆஸ்பத்திரி டாக்டர்களை வரவழைத்துக் கிராமங்களில் கண் முகாம் போட்டோம். கண்புரை இருக்கிறவர்களை அவர்களே வேனில் கூட்டிப்போய் இலவசமாக ஆபரேஷன் செய்து திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். இடம் பிடிப்பது, ஆள் சேர்ப்பது, சாப்பாடு போடுவது எங்கள் வேலை.

பசுவந்தனைப் பக்கம் ஒரு ஊரில் அப்படி ஒரு முகாம். அந்த ஊர்ப் பெரும்புள்ளி கட்டிய கல்யாண மண்டபத்தை அவரே சும்மா கொடுத்தார். மத்தியானச் சாப்பாடும் அவர் பொறுப்பு. நல்ல கூட்டம். நான் வாசலில் நின்று வயசானவர்களைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்துக்கொண்டிருந்தேன். மனசு நிறைந்திருந்தது. எல்லாம் முடிந்து சாமான்களை ஏற்றும்போது ஒரு டாக்டர், "இந்த ஊர்ல காலனி இருக்குன்னு சொன்னாங்களே, அங்கிருந்து யாருமே வரலையே?" என்று கேட்டார்.

செயலாளர் உதட்டைப் பிதுக்கினார். "அவங்களுக்கு விழிப்புணர்வு இல்ல டாக்டர். நாம கழுதையாக் கத்துனாலும் வரமாட்டாங்க."

நானும் தலையை ஆட்டினேன். இரண்டு நாள் ஆட்டோவில் மைக் கட்டிக் கத்தியிருந்தோமே.

அடுத்த வாரம் கடைக்கு ஒரு பெண் வந்தாள். நாற்பது வயது இருக்கும். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிற வேலை முடிந்து நேராக வந்திருந்தாள். மழைக்கு முன்னால் கூரைமேல் போட ஒரு தார்ப்பாய் வேண்டும் என்றாள். வெட்டிக் கொடுத்தேன். சுருட்டி இடுக்கிக்கொண்ட பிறகும் போகாமல் நின்றாள்.

"அண்ணாச்சி, அந்தக் கண்ணு டாக்டருமாரு மறுபடியும் வருவாவளா? அம்மைக்கு ரெண்டு கண்ணும் மங்கிப்போச்சு."

ஊரைக் கேட்டேன். அதே ஊர். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"அன்னைக்கு எங்க போயிருந்தீங்க? ரெண்டு நாளா ஆட்டோல கத்திட்டுல்லா போனோம்?"

"கத்துனீங்க. எங்க தெருவுக்கு வராட்டியும் கேக்கத்தான் செஞ்சுது. ஊர்ப் பொதுமக்களுக்கு இலவசக் கண் முகாம்னு கத்துனீங்க."

"ஆமா, அதுக்கென்ன?"

"நாங்க காலனில்லா அண்ணாச்சி."

குத்தலாகச் சொல்லவில்லை. வழி கேட்டவனுக்கு விலாசம் சொல்வது போலச் சொன்னாள். அந்தப் பக்கங்களில் ஊர் என்றால் ஒரு பாதி, காலனி என்றால் மறு பாதி. இத்தனை காலம் அந்தச் சொல்லை நானும்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். "ஊருக்குள்ள ரெண்டு தார்ப்பாய், காலனில ஒண்ணு" என்று. மைக்கில் பேச எழுதிக்கொடுத்த செயலாளருக்கும் அது உறைக்கவில்லை, பேசிய பையனுக்கும் உறைக்கவில்லை. கேட்டவர்களுக்கு மட்டும் சரியாகப் புரிந்திருக்கிறது.

"அது சும்மா பேச்சுக்குச் சொல்லுறதுதான். வந்தா யாரு வேண்டாம்னு சொல்லப்போறா?" என்றேன்.

"மண்டபத்துக்குள்ள நாங்க எப்படி வர?"

"வரக்கூடாதுன்னு யாரு சொன்னா?"

"யாராச்சும் சொன்னாத்தானா?" என்றாள். பிறகு சொன்னாள், அன்றைக்கு அவள் அம்மா வந்திருக்கிறாள். அந்த மண்டபத்தில் எத்தனையோ கல்யாணத்துக்குப் பின்பக்கம் உட்கார்ந்து அண்டா தேய்த்தவள். பழகிய வழியிலேயே சுவரைத் தடவிக்கொண்டு போய்ப் பின்பக்கம் நின்றிருக்கிறாள். ஊர்ப் பையன் ஒருத்தன் பார்த்துவிட்டு, "ஏட்டி, இங்கன என்ன நிக்க? அங்கிட்டுப் போயி இரி. எல்லாரும் பாத்து முடிச்ச பெறகு கூப்புடுவாவ" என்றிருக்கிறான். அவள் வேலியோரம் போய் வெயிலில் உட்கார்ந்திருக்கிறாள். சாப்பாட்டுப் பந்தி நடந்திருக்கிறது, எச்சில் இலைகள் பக்கத்தில் வந்து விழுந்திருக்கின்றன. கடைசியில் வேன் கிளம்புகிற சத்தத்தைக் கேட்ட பிறகு எழுந்து வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

முன்வாசலில் நான் மனசு நிறைந்து நின்றுகொண்டிருந்த அதே நேரம்.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் காலனிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டியோடு தார் ரோடு முடிந்துவிட்டது. முந்தின நாள் பெய்த மழையில் கரிசல் மண் செருப்பில் அப்பிக்கொண்டு காலைத் தூக்கவிடவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். இந்த ஊருக்கு எத்தனை முறை வந்திருக்கிறேன்! தொட்டியைத் தாண்டி வந்ததில்லை. காலனிக்காரர்கள் வேண்டியதைக் கடைக்கு வந்து வாங்கிக்கொள்வார்கள்.

அம்மாக்காரி நெடுநெடுவென்று உயரமான பெண். என்னைவிடப் பத்து வயது மூத்தவள் இருக்கலாம். மகள் நான் வந்திருப்பதைச் சொன்னதும் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். "வாங்க மொதலாளி. டீ குடிப்பீங்களா?" என்று கேட்டாள்.

நான் பதில் சொல்லும் முன்பே மகள் அவளை அதட்டினாள். "ஏம்மா, சும்மா இரி."

எனக்கு அந்தக் கேள்வி புரியக் கொஞ்ச நேரம் ஆனது. மற்ற வீடுகளில் "என்ன குடிக்கீங்க?" என்று கேட்பார்கள். இங்கே குடிப்பேனா என்று கேட்கிறாள். கேட்டுவிட்டுக் காத்திருக்கிறாள். ஒரு டம்ளர் டீ கொடுக்கும் முன் உத்தரவு கேட்கவேண்டிய நிலையில் ஒரு மனுஷியை வைத்திருக்கிறார்களே என்று உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"குடிக்கேன் அக்கா. சீனி கொஞ்சம் கம்மியாப் போடச் சொல்லுங்க" என்றேன்.

அவள் சிரித்தாள். "அக்காவா! சரி. ஒக்காருங்க."

டவுனுக்கு வந்ததும் குழுவைக் கூட்டச் சொன்னேன். நடந்ததைச் சொல்லி, அடுத்த முகாமை அந்த ஊர் அரசுப் பள்ளிக்கூடத்தில் வைக்கவேண்டும், காலனித் தெருவுக்குள் ஆட்டோ போகவேண்டும் என்றேன். எல்லாருக்கும் தூக்கிவாரிப்போடும் என்று எதிர்பார்த்தேன். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அவர்களுக்கு அது புதுச் செய்தியே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

"சேவையில அரசியலக் கொண்டுவராதீங்க பாய்" என்றார் செயலாளர். "மண்டபத்துக்காரர் மனசு கோணுனா சாப்பாட்டுக்கு எங்க போக?"

"இது ரொம்ப நாளா இருக்கிற விஷயம். ஒங்களுக்கு இதெல்லாம் தெரியாது" என்றார் ஒரு வாத்தியார். பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறவர்.

மருந்துக்கடைக்காரர் எனக்கு நெருங்கிய நண்பர். அவர் சமாதானமாக ஒரு யோசனை சொன்னார். "காலனிக்குன்னு தனியா ஒரு முகாம் போட்ருவோம். சின்னதா, அவங்க தெருவுலயே. அவங்களுக்கும் சௌகரியம்."

எல்லாரும் நல்ல யோசனை என்றார்கள். செயலாளர் முகம் மலர்ந்தது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. மைக்கில் வெளியே வைத்தோம், மண்டபத்தில் வெளியே வைத்தோம், இனிமேல் டாக்டரையும் கொண்டுபோய் வெளியே வைத்துப் பார்க்கச் சொல்லப்போகிறோமா? கத்திவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாளே காலனிக்குப் போய் அந்த அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். தனி முகாமுக்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை, சண்டை போட்டிருக்கிறேன் என்று.

அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு, "எம்புட்டு நாளு ஆகும் ஒங்க சண்டை முடிய?" என்றாள்.

"அடுத்த கூட்டத்துல மறுபடி பேசணும்" என்றேன்.

"அடுப்புல சோறு வெந்துச்சான்னு பாக்க முடியல எனக்கு. கையச் சுட்டுக்கிடுதேன். தனியாப் பாத்தா என்ன, சேத்துப் பாத்தா என்ன, எனக்கு மொதல்ல கண்ணக் குடுங்க. கண்ணு வந்தா ஒங்க சண்டைக்கு நானும் வாரேன்."

மகள் மட்டும் அம்மாவோடு ஒத்துப்போகவில்லை. தனியாக வைத்தால் அதைத்தான் இனி வழக்கமாக்குவார்கள் என்றாள். ஆனால் கண் தெரியாதவள் அம்மா, முடிவும் அவளுடையது. கோபத்தில் நான் எடுத்த முடிவில் இன்னொருத்தியின் கண் இருக்கிறது என்பது எனக்கு உறைத்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிக் கேட்டேன். முகாம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், நேரில் கூட்டிவந்தாலே இலவசமாகச் செய்கிறோம் என்றார்கள். தெரிந்த டிரைவரின் வேனைப் பேசினேன்.

காலனியில் கண் மங்கிய ஐந்து பேர் ஏறினார்கள், துணைக்கு மகளும் வந்தாள். மெயின் ரோட்டு நிறுத்தத்தில் ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் காத்திருந்தார். ஊருக்குள் இருக்கிறவர். என் கடையில்தான் கயிறு வாங்குவார். முகாமன்று ஆட்டை விட்டுவிட்டு வரமுடியாமல் போய்விட்டது, வேனில் தானும் வருகிறேன் என்று முன்பே சொல்லியிருந்தார். கதவைத் திறந்து கம்பியைப் பிடித்துக்கொடுத்தேன். ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தார். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. அவ்வளவு மங்கல்.

"மெள்ள ஏறுங்க, இங்கன இடம் கெடக்கு" என்றாள் அந்த அக்கா உள்ளேயிருந்து.

குரலைக் கேட்டதும் படியில் வைத்த காலை எடுத்துவிட்டார்.

"முன்னால ஒரு சீட்டு கெடைக்குமா பாய்?"

"முன்னால நான் இருக்கேன். அங்கன இடம் இருக்குல்லா, ஏறுங்க."

அவர் கம்பைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றார். கெட்ட மனுஷர் இல்லை. என்னிடம் எப்போதும் அன்பாகப் பேசுகிறவர். "இல்ல, இன்னைக்கு ஆட்டுக் கிடையில கொஞ்சம் சோலி கெடக்கு. நான் பெறகு வாரேன்" என்றார். டிரைவர் என்னைப் பார்த்தான். நான் கதவைச் சாத்தினேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். ரோட்டை எப்படிக் கடப்பது என்று தெரியாமல் அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

"நீங்க முன்சீட்டக் குடுத்திருக்கலாம்" என்றாள் மகள்.

"அதுக்கு அவரு கண்ணு தெரியாமலே இருக்கலாம்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அம்மாக்காரி சொன்னாள்: "பஸ்ஸுல போனா பக்கத்துல யாருன்னு கேட்டுட்டா ஒக்காருதாரு? டவுன் பஸ்ஸுல எம்மேல சாஞ்சு தூங்கியிருப்பாரு. இந்த வேனுல இருக்கது யாருன்னு எல்லாருக்கும் தெரியும்லா, அதான்."

திருநெல்வேலி போய்ச் சேரும்வரை எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. முன்சீட்டைக் கொடுத்திருந்தால் அந்த மனுஷருக்கு அன்றைக்கே ஆபரேஷன் ஆகியிருக்கும். அதுவும் உண்மைதான். கொடுத்திருந்தால் பின்னால் இருந்தவர்கள் முகத்தை நான் எப்படிப் பார்த்திருப்பேன்? இன்றுவரை இதற்கு எனக்குத் தெளிவான விடை கிடையாது.

ஐந்து பேருக்கும் முதலில் ஆளுக்கு ஒரு கண்ணில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்த அன்று அக்கா தன் உள்ளங்கையைத்தான் முதலில் பார்த்தாள், சுட்டுக்கொண்ட தழும்புகளை. பிறகு என்னைப் பார்த்து, "குரலைக் கேட்டு இன்னும் நல்லா இருப்பீகன்னு நெனச்சேன்" என்றாள். வார்டே சிரித்தது.

அதன் பிறகு குழுவில் நான் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் முகாம் வைத்தால் இருக்கிறேன், இல்லையென்றால் விலகிவிடுகிறேன் என்றேன். மருந்துக்கடைக்காரர் யோசித்துப் பார்த்து என் பக்கம் வந்தார். பள்ளித் தலைமை ஆசிரியை, "ரெண்டு பக்கத்துப் பிள்ளைங்களும் இங்கதான படிக்குது? தாராளமா வைங்க" என்றார். மண்டபத்துக்காரர் சாப்பாடு கிடையாது என்று சொல்லிவிட்டார். அடுத்த மழைக்காலத்துக்கு என் கடையில் தார்ப்பாய் எடுப்பதையும் நிறுத்திவிட்டார். இந்த முறை ஆட்டோவில் நானே உட்கார்ந்து பேசினேன். மகள் சொன்ன யோசனைப்படி ஒவ்வொரு தெருப்பெயரையும் சொல்லி, காலனியையும் சொல்லி, காலனிக்குள்ளும் போய்ச் சொன்னேன்.

முகாமன்று எல்லாருக்கும் முன்னால் வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தவள் அந்த அக்காதான். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். வரிசையைப் பார்த்துக்கொள்ள வந்த ஊர்ப் பையன் ஒருத்தன், அவள் மகளைவிடச் சின்னவன், நேரே வந்து, "ஏட்டி, ஒனக்குத்தான் ஆபரேசன் முடிஞ்சிட்டுல்லா? எந்திரி" என்றான்.

"ஒரு கண்ணுக்குத்தாம்லே முடிஞ்சிருக்கு. ஒன்னையப் பாக்க அது போதும். மத்தவியளப் பாக்க இன்னொண்ணு வேணும்லா?"

அந்த 'லே'யைக் கேட்டு வரிசையே திரும்பிப் பார்த்தது. அந்த ஊரில் அவள் வாயிலிருந்து ஓர் ஊர்க்காரனுக்கு அந்தச் சொல் போனது அதுதான் முதல் முறையாக இருக்கும். பையன் முகம் சிவந்து ஒரு எட்டு முன்னால் வந்தான். நான் குறுக்கே போவதற்குள் தலைமை ஆசிரியை அவனைப் பெயர் சொல்லி அதட்டினார். அவரிடம் படித்தவன் போலிருக்கிறது. விலகிப் போனான். அக்கா எழுந்திருக்கவில்லை.

முதல் முகாமுக்கு வந்ததில் பாதிக் கூட்டம்தான் ஊருக்குள்ளிருந்து வந்தது. ஆடு மேய்க்கிற பெரியவர் வந்தார். வரிசையில் அவருக்கு முன்னால் ஒரு காலனிக்காரர். நடுவில் இரண்டு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு நின்றார். முன்னால் நகர நகர இடைவெளியும் கூடவே நகர்ந்தது. ஒரு கட்டத்தில், சென்னையில் படித்து வந்த இளம் டாக்டர் அந்த இடைவெளியைப் பார்த்து வரிசை அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்து டீ குடிக்க எழுந்துவிட்டார். நான்தான் போய், "இன்னும் ஆளு இருக்கு டாக்டர்" என்றேன். பெரியவருக்கும் ஆபரேஷன் ஆனது. ஆஸ்பத்திரி வேனில் யார் பக்கத்தில் உட்கார்ந்து போனார் என்று நான் விசாரிக்கவில்லை. கேட்டால் எனக்குத்தான் ரத்தக்கொதிப்பு ஏறும்.

அந்த வருஷம் குழுவின் ஆண்டு விழா டவுனில் நடந்தது. செயலாளர் நன்றாகப் பேசினார். சாதி மத பேதமில்லாமல் எல்லாரையும் ஒரே கூரைக்குக் கீழ் கொண்டுவந்தது நம் குழு என்றார். பள்ளிக்கூட முகாம் படம் திரையில் வந்தது. முதல் பெஞ்சில் கறுப்புக் கண்ணாடியோடு அக்கா. எல்லாரும் கைதட்டினார்கள். அவளை விழாவுக்கு யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. பிறகு மத நல்லிணக்கத்துக்கு உதாரணம் என்று என்னை மேடைக்கு அழைத்துச் சால்வை போட்டு, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

நான் இரண்டு வார்த்தையோடு நிறுத்தவில்லை. வேலியோரம் வெயிலில் உட்கார்ந்திருந்தவளைச் சொன்னேன். படியில் வைத்த காலை எடுத்ததைச் சொன்னேன். தனி முகாம் என்றதும் இந்த மேடையில் இருக்கிறவர்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டார்கள் என்பதையும் சொன்னேன். சால்வையை மடித்து மேஜைமேல் வைத்துவிட்டு இறங்கினேன். கைதட்டல் எதுவும் இல்லை.

சாப்பாட்டு இடத்தில் என் மேஜைக்கு யாரும் வரவில்லை. வரலாற்று வாத்தியார் மட்டும் தட்டோடு வந்து குனிந்து, "ஏன் பாய், ஒங்க ஆளுகளுக்குள்ள ஏற்றத்தாழ்வே இல்லையா?" என்று கேட்டார்.

"இருக்கு சார். அதையும் பேசுவோம். அதுக்காக இது இல்லைன்னு ஆயிருமா?"

அவர் வேறு மேஜைக்குப் போய்விட்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது மருந்துக்கடைக்காரரும் கூட நடந்து வந்தார். ரயில்வே கேட் பக்கத்தில் நின்றார். "சொன்னதுல தப்பில்ல. கொஞ்சம் பக்குவமாச் சொல்லியிருக்கலாம்" என்றார்.

"யாருக்கு வலிக்காம?" என்று கேட்டேன்.

இன்னும் குழுவில்தான் இருக்கிறேன். மைக்கை மட்டும் என் கையில் கொடுப்பதில்லை. இப்போது அந்த மண்டபத்தில் வேறொரு குழு வருஷா வருஷம் முகாம் போடுகிறது, மண்டபத்துக்காரர் படம் பேப்பரில் வருகிறது. பள்ளிக்கூடத்திலும் நடக்கிறது. இரண்டு இடத்திலும் அதே ஆஸ்பத்திரி டாக்டர்கள்தான். யார் எங்கே போவது என்று அந்த ஊருக்குள் ஒருவரும் ஒருவருக்கும் சொல்வதில்லை. சொல்லாமலே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. கோபம் உடம்புக்கு ஆகாது என்று வீட்டில் சொல்கிறார்கள். ராத்திரி மாத்திரை போட்டுக்கொண்டுதான் தூங்குகிறேன். காலையில் எழுந்தால் அது அப்படியே இருக்கிறது.